நாற்பத்திரண்டு நிமிடம்

டொலீடோவில் பனி கொட்டிய பிப்ரவரி இரவு.
கண்ணாடித் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வந்து
சமையலறை மேசையில் கணினியைத் திறந்தேன்.
நீதிமன்றம் எனக்கு அளந்து கொடுத்தது
ஏப்ரலில் நான்கு இரவு, ஐந்து பகல்.
அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதி
இரவுக்கு நானூற்றுப் பதினெட்டு டாலர்.
ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி தெரியும் அறை என்றால்
மேலே இருநூறு.
நாம் எட்டிப் பார்க்கும் நேரம்
அது வேறு பக்கம் மேயப் போயிருந்தால்
பணம் திரும்பாது. விசாரித்துவிட்டேன்.
அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்
காலையில் அரைமணி முன்னதாகக் கதவு திறக்குமாம்.
அரைமணியை நான்கு காலையால் பெருக்கி
வித்தியாசத்தை அதால் வகுத்தேன்.
என் ஒரு வாரச் சம்பளத்தில்
அந்த அரைமணிகள் மூன்று வாங்கலாம்.

கிஸ்ஸிமி நெடுஞ்சாலையோரத்து மோட்டல் எண்பத்தொன்பது.
வாஃபிள் இலவசம், மாவை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும்.
மேலே வரி. அதற்கு மேலே
ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று.
எதற்கு என்று போனில் கேட்டேன்,
நீச்சல்குளத்துத் துண்டுக்கு என்றாள்.
பூங்கா வாசலில் கார் நிறுத்த நாளுக்கு முப்பது.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

ஓடும் கண்ணாடியில் குமிழி எண்ணுவது என் வேலை.
எண்ணாமல் எனக்கு இருக்க வராது.
பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் மொத்தம்
எழுபது மணி என்று போட்டேன்.
சிவப்பில் ஒரு பத்தி, தலைப்பு: வீண்.
போக நாற்பத்திரண்டு நிமிடம், வர நாற்பத்திரண்டு.
பல் தேய்ப்பதையும் எழுதினேன்,
பிறகு வெட்கப்பட்டு அழித்தேன்.

போன வருடம் கிரெய்க் அவர்களை அழைத்துப்போனது
உள்ளே இருக்கும் விடுதிக்கு.
அந்த எண் என் பட்டியலில் இல்லை.
ஆனால் பட்டியலில் இருந்த எண்கள் எல்லாம்
அதைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தன.

மோட்டல்தான் எடுத்தேன்.

இரண்டாம் நாள் இரவு, சிக்னலில் வரிசை நகரவில்லை.
பின்னால் கண்ணாடியில் வாணவேடிக்கை,
கட்டைவிரல் அளவுக்கு.
கோல்ட்டன் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான்.
பிரின்லிக்குப் பதின்மூன்று.
விமானநிலையத்திலிருந்து அதுவரை
என்னிடம் சொன்னது எட்டு வார்த்தை.
ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

நவம்பர்லயே நீச்சல் டீம விட்டுட்டேன்.
உனக்கு யாரும் சொல்லலயா?

மாதம் அறுபது டாலர், என் பாதிப் பங்கு,
இந்த மாதமும் அனுப்பியிருந்தேன்.
அதைச் சொல்லவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

தண்ணிக்குள்ள தலை போனதும்
எல்லார் சத்தமும் நின்னுடும். அது பிடிச்சிருந்துச்சு.
அப்புறம் ஒருநாள்
மேல வரவே தோணல. பயந்துட்டேன்.

விளக்கு பச்சையானது எனக்குத் தெரியவில்லை.
பின்னாலிருந்து ஒருவன் ஹாரனில் ஏறி உட்கார்ந்தான்.
அம்மாவுக்குத் தெரியுமா என்றேன்.
பாதி தெரியும் என்றாள்.
மீதிப் பாதியை
கார் கழுவும் இடம், அடகுக்கடை,
ஆரஞ்சுப் பழ வடிவத்தில் கட்டிய பரிசுப்பொருள் கடை
எல்லாம் தாண்டும்வரை சொன்னாள்.
மோட்டல் திருப்பத்தை நான் தவறவிட்டேன்.
வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன்.

அறையில் ஏசி தகரம்போல் அதிர்ந்தது.
அவர்கள் தூங்கியபின் பட்டியலைத் திறந்தேன்.
அன்றைய கட்டத்தில் அறுபத்தேழு என்று திருத்தினேன்.
தலைப்பை அழித்தேன்.
அந்த இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்காமல்
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் அவள் வாஃபிள் கருகியது.
காரில் ஏறியதும் இரண்டு காதிலும் இயர்போன்.
அன்று போய்ச்சேர முப்பத்தொரு நிமிடம்தான்.
வழிநெடுக எல்லா சிக்னலும் பச்சை.