எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்

ஸ்கேன் அறை வாசலில்தான் எனக்கு வேலை.
உள்ளே போகிறவர்கள் உடம்பில் உலோகம் ஆகாது.
மோதிரம், கொலுசு, அரைஞாண் கயிற்றுத் தாயத்து,
ஒருமுறை வாயிலிருந்து பல்செட்டு,
எல்லாம் என் எவர்சில்வர் கிண்ணத்தில் விழும்.
யார் கை என்று பார்க்க மாட்டார்கள்.
நிற்கிறவளிடம் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

ராத்திரி ஆள் குறைந்தால் தீவிர சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.
அங்கே கிண்ணம் கிடையாது.

கட்டில் ஒன்பது. அர்த்தநாரி. எழுபத்திரண்டு.
ஏற்காட்டில் பத்திர எழுத்தராக இருந்தவர்.
மகன் கீழே மருந்துச் சீட்டோடு வரிசையில்.
ஜன்னலில் மலை இல்லை, இருட்டுதான்;
கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் ஒரு லாரியின் வெளிச்சம்
மறைந்து மறைந்து தெரிந்தது.
மற்ற விரலெல்லாம் சில்லிட்டிருந்ததால்
இடது கட்டைவிரலில் கிளிப்பை மாட்டினேன்.
பிடுங்கி எறிந்தார்.
‘இந்த விரல் வேண்டாம்மா.’
மாட்டினேன். பிடுங்கினார்.
மூன்றாம் தடவை சொல்லிவிட்டார்.

நாகலூர்ப் பக்கம் இரண்டேகால் ஏக்கர்.
பதினெட்டு சில்வர் ஓக், மிளகுக் கொடியோடு.
சடையன் செத்துப் பதினோரு நாள் கழித்துச்
சடையன் விற்ற நிலம்.
ரேகை இவருடையது.
கூலி இருநூறு ரூபாயும் ஒரு பலாப்பழமும்.
‘பழம் நல்ல இனிப்பு’ என்றார்.
அதைச் சொன்னபோதுதான் அழுதார்.
சர்வே எண்ணையும் சொன்னார். நான் கேட்கவில்லை.

ஏன் என்னிடம்?
சாமிக்கு ஏற்கெனவே தெரியும், சொல்லிப் பயனில்லை.
மகனிடம் சொன்னால் மகன் சுமக்க வேண்டும்.
சடையன் மகள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருப்பாளாம்.
முப்பது வருஷமாக அவளிடம் மட்டும்
பேரம் பேசாமல் வாங்குகிறாராம்.
அதுவரைக்கும்தான் முடிந்திருக்கிறது அவரால்.
போகிற இடத்தில் இது ஆகாது என்று
யாரோ வாசலில் நிறுத்திச் சொன்ன மாதிரி
அவசரமாகக் கழற்றினார்.
நிற்கிறவளிடம் கொடுத்தார்.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது.
ஐந்தாம் நாள் தட்டுவடை செட் கேட்டார்,
பூண்டுச் சட்னி தூக்கலாக.
ஆறாம் நாள் பெருக்கப் போனேன்.
‘ஊசி மயக்கத்துல ஏதோ உளறிட்டேன் போல’ என்றார்,
மகனைப் பார்த்துக்கொண்டு.
‘ஒண்ணும் இல்லீங்க.’

ஸ்கேன் முடிந்து வருகிறவர்களிடம் கிண்ணத்தை நீட்டி
எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.
எண்ணுவார்கள், என்னையே ஒரு கண்ணால் பார்த்தபடி.
இதை எதில் வைத்து நீட்ட?

டிஸ்சார்ஜ் மேஜை.
வலது கை குத்திக் குத்தி வீங்கிக் கிடந்தது.
நர்ஸ் மை டப்பாவைத் திறந்து
‘கையெழுத்து வேண்டாங்க, இடது ரேகையே போதும்’ என்றாள்.
மையைப் பார்த்தார். பிறகு என்னை.
பேனாவைக் கேட்டு வாங்கினார்.
அ போட்டார். ர் போட்டார். நிறுத்தி மூச்சு வாங்கினார்.
பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.
பெயர் முடிகிறவரை அந்த இடது கை
வேட்டி மடிப்பைவிட்டு வெளியே வரவில்லை.

சர்வே எண் மறந்துவிடும் என்று பார்த்தேன்.
மறக்கவில்லை.
பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்
கிண்ணத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு எனக்கு லீவு.
ஏற்காட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று
கேன்டீன்காரரிடம் கேட்டேன்.
எதற்கு என்றார்.
கொய்யா வாங்க என்றேன்.