எந்த மீனுக்கு?

பெல்ட் விலையைக் கேட்டுவிட்டு
ரிச்சி தெருவிலிருந்து நடந்தே வந்தேன்.
பையில் இரண்டு மோட்டார் மட்டும்,
செத்த பிரிண்டர்களின் வயிற்றிலிருந்து எடுத்தவை.
மீதியைக் கயிறு பார்த்துக்கொள்ளும் என்று
பட்டாளம் வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதலில் சைக்கிள் பிரேக் கம்பி.
சின்ன உருளையில் வளைந்து வளைந்து
ஒன்பதாம் நாள் இழை இழையாக விட்டது.
அதில் ஒன்று இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.
பிறகு நைலான்.
காலையில் வெட்டினால் வட்டம்,
கடற்காற்று ஏறிய பிறகு முட்டை.

காசிமேட்டில் கேட்டேன்:
இழுத்தால் நீளாத நரம்பு வேண்டும்.
கடைக்காரர் நிமிராமலே
"எந்த மீனுக்கு?" என்றார்.
என்னவென்று சொல்வது.
கல்யாண மேடைக்குத் தெர்மாகோலில் எழுத்து வெட்டும் மெஷின்,
வீட்டிலேயே செய்கிறேன், அதில்
சூடான ஊசி ஒன்று நகரவேண்டும், அதை இழுக்க...
"வஞ்சிரம்," என்றேன்.
எட்டுப் பின்னல், நூறு மீட்டர்.

எபனேசர் வீட்டு பால்கனியில்
அதில் வாட்டர் கேனைக் கட்டித் தொங்கவிட்டோம்,
நீளுவதெல்லாம் இன்றிரவே நீண்டுவிடட்டும் என்று.
காலையில் கேன் நாலு விரல் இறங்கியிருந்தது.
வழுக்கியது முடிச்சு, நூல் இல்லை.
(குடிக்கத் தண்ணீர் இல்லாமல்
அவன் மனைவி ஷர்மிளா சொன்னதை இங்கே எழுத முடியாது.)

பிளைவுட்டில் பென்சிலால் போட்ட கணக்கு:
இரண்டு மோட்டார், இரண்டு நூல்,
ஓரிடத்தில் ஒன்றையொன்று தொடாமல் கடக்கும்.
ஒரே பக்கம் சுற்றினால் ஊசி குறுக்கே போகும்,
எதிரெதிரே சுற்றினால் நெடுக்கே,
ஒன்று சும்மா இருந்தால் கோணலாக.
"குடும்பம் மாதிரி," என்றான் எபனேசர்.
"உருளையைப் பிடி," என்றேன்.

அச்சில் மூன்று சுற்று, வழுக்கியது.
ஆறு சுற்று, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியது.
லேத்தில் மரை மாதிரி பள்ளம் போட்டு வாங்கி
ஐந்து சுற்றினேன்.
போன தடத்திலேயே திரும்பி வந்தது நூல்.

இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அன்றைக்கே வந்துவிட்டது.
ஹெச், எல், இ.
நேர்க்கோடு எதையும் மன்னிக்கும்.
பெண்வீட்டாரோ தமிழில்தான் கேட்டிருந்தார்கள்.
பெண் பெயர் கிருஷ்ணவேணி.
இரண்டு ண.

சுழியில் ஊசி திரும்பவேண்டும்.
மோட்டார் திரும்பிவிடுகிறது,
நூல் ஒரு கணம் யோசிக்கிறது.
அரை மில்லிதான்.
அந்த யோசனை மூன்றாம் சுழியில்
வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன் எபனேசர்.
இந்த நூலைச் சுண்டினான், அந்த நூலைச் சுண்டினான்.
"ரெண்டும் வேற வேற சுருதிடா."
பழைய கிட்டாரின் முறுக்காணிகளைக் கழற்றிப்
பலகையில் பூட்டினோம்.
கீழ்வீட்டு மாவு மில் நிற்கும்வரை காத்திருந்து
திருகு, சுண்டு, திருகு.
செவ்வாய் இரவு ஒன்றரை மணிக்கு
ண மூடியது.

மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.
நான் மேடையோரம் நின்று
முதல் சுழியையும் மூன்றாம் சுழியையும்
விரலால் அளந்துகொண்டிருந்தேன்.
யார் வீட்டுக் குழந்தையோ
ணி-யின் கொம்பைக் கிள்ளிக் கிள்ளி
உருண்டை உருண்டையாக
ஊதிக்கொண்டிருந்தது.