பாப்பம்

எங்கட பக்கம் 'ஓம்' என்றால்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
'ஓம்' என்றால் ஒப்புக்கொண்டேன்.
தொலைபேசியில் இரண்டும் ஒரே சத்தம்.

'பாப்பம்' அதைவிட மோசம்.
கைமாற்றுக் கேட்டவருக்குப் பாப்பம்,
கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டவருக்குப் பாப்பம்,
மாட்டேன் என்ற சொல் தொண்டையில் முள்ளாகிற இடமெல்லாம்
பாப்பம்.

அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன்
சம்மாந்துறையில்,
ஆதம்பாவா ஹாஜியாரின் நெல் ஆலையில்,
தராசு முதன்முதலாக
என் நிரலோடு பேசிய மாசி மத்தியானம்.
மூடை ஏறியதும் இலக்கம் கொஞ்சம் ஆடும்;
ஆட்டம் அடங்க இரண்டு விநாடி
காத்திருக்கச் சொல்லி எழுதியிருந்தேன்.
அறுபத்தாறு தசம் நான்கு.
கண்ணாடியில் படிந்த உமியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
அவர் சொன்னார், சண்டையில்லாத குரலில்:
"மகள், மூடைக்கு ரெண்டு கிலோ
உள்ளுக்கையே கழியட்டும்.
பில்லில தெரியத் தேவையில்ல."

பாப்பம் ஹாஜியார்.
எனக்கு நானே இரண்டு விநாடி கொடுக்கவில்லை.

கல்முனை. மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
துஷாந்தன் கதிரையைத் திருப்பாமலே சொன்னான்:
"ஒரு வரிதானே அக்கா.
சாக்கு நிறை இருக்கு, ஈரம் இருக்கு, பதர் இருக்கு,
எல்லா ஆலையிலும் கழிக்கிறதுதான்.
எழுதிக் குடுத்துட்டு மிச்சக் காசை வாங்குங்க."
ஒரு வரிதான். அது உண்மை.
எழுதினால் நாற்பது எழுத்து வராது.

மின்னஞ்சல் எழுதினேன்:
'தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது.'
பொய். அழித்தேன்.
அடுத்தது மூன்று பந்தி,
பரிசளிப்பு விழாப் பேச்சுப் போல,
எனக்கே கைதட்டத் தோன்றியது. அழித்தேன்.
இப்படி மூன்று கிழமை.
வாட்ஸ்அப்பில் அவர் கேட்டார்: 'வேலை முடிஞ்சுதா?'
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினேன்,
வெட்கம் கெட்டவள்.

பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையாய்,
பெட்டிகளில் மூடைகளுக்கு மேல் ஆட்கள் படுத்திருந்தார்கள்,
ஒருவர் முகத்தைத் தொப்பியால் மூடி.
"செய்ய ஏலும் ஹாஜியார். செய்ய மாட்டேன்.
கழிவு எவ்வளவு என்று நீங்க போடுங்க,
போட்டது பில்லில ஒரு வரியாய் வரும்.
அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். என்ட பிழை."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டியை இழுத்தார்:
நாலாயிரம் பில் தாள், பச்சை மையில், ஆலையின் பெயரோடு,
கழிவுக்கு இடமே இல்லாமல்.
"நீங்க பாப்பம் எண்டீங்க.
நான் ஓமெண்டுதான் எடுத்த."

ஆலை இரைச்சலில்
இருவரும் கொஞ்ச நேரம் பச்சை மையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"அச்சுக் கூலியில் பாதி என்ட கணக்கு," என்றேன்.
"எனக்கு வர வேண்டிய காசில் கழியுங்க."
ஒரு தாளைப் புரட்டிப் பின்பக்கம் எழுதினார்:
தர வேண்டியது. அதன் கீழே
கழிவு. ஒரு கோடு. மிச்சம்.
எழுதி என் பக்கம் திருப்பினார், சரிபார் என்பது போல.
பார்த்தேன். அவரும் பார்த்தார்,
அந்த நடு வரியை
என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"சரி மகள். மற்றதைப் பாப்பம்."

படியிறங்கி, ஹெல்மெட்டைப் போட்டு,
சாவியைத் திருகி,
திரும்ப அணைத்தேன்.
உள்ளே யாரோ ஒருவரின் மூடை ஏறியிருந்தது,
இலக்கம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
"ஹாஜியார்,
எந்தப் பாப்பம்?"