வாங்க வராத கேக்

இரண்டு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.
வெள்ளைக் கிரீம்மேல் நீல எழுத்து:
மெர்ல் – ட்வைலா, நாற்பது ஆண்டு.
மூடியில் ரசீது: பணம் கட்டியாச்சு.
யாரும் வரவில்லை.
மைனாட் ஊரே பனிக்குள் கிடந்தது,
நெடுஞ்சாலையைச் செவ்வாய் மதியமே மூடிவிட்டார்கள்.

குப்பையில் போடு, இல்லையென்றால் கொண்டுபோ
என்றார் மேலாளர். அவருக்கு இரண்டும் ஒன்று.
முன்சீட்டில் வைத்து
அதற்கும் பெல்ட் மாட்டிவிட்டேன்.

கோல்பிக்கு வெள்ளிக்கிழமை பள்ளியில் விற்பனை,
வாத்தியக் குழுவுக்கு ஒரு டிரம் வேண்டுமாம்.
பெரிய கிண்ணத்தில் கேக்கைக் கவிழ்த்து
இரண்டு கையாலும் உதிர்த்தான்.
முதலில் போனது ட்வைலா.
நாற்பது கொஞ்சம் கெட்டி, கட்டியாக நின்றது.

யாரும்மா இது?
தெரியலை.
பிரிஞ்சுட்டாங்களா?
பதினொரு வயதில் அது அவனுக்கு
மணி கேட்பது போன்ற கேள்வி.
பனியா இருக்கும், என்றேன்.

கிரீம் கூடினால் உருண்டை கொழகொழத்துக்
குச்சியைவிட்டு நழுவும்.
குறைந்தால் பொலபொலவென்று விரியும்.
ஒரு கரண்டி, இன்னொரு அரைக் கரண்டி,
அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரல்.
நெல்லிக்காய் அளவு என்று தொடங்கினோம்;
அவன் உருட்டியதெல்லாம் எலுமிச்சை.
வெளிர்நீலம் ஓடிய ஐம்பத்தியொரு உருண்டை
ஃப்ரீசரில் மீன்துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

மிட்டாயை மைக்ரோவேவில் முப்பது விநாடி,
கிளறு, மறுபடி முப்பது.
ஈரக் கரண்டியை விட்டான் பயல்.
ஒரு சொட்டுத் தண்ணீர்தான்,
பச்சை மிட்டாய் முறுக்கிக்கொண்டது,
மணல்மணலாய், முகம் திருப்பி.
எவ்வளவு சூடு காட்டியும் இறங்கி வரவில்லை.
அந்த மாதிரி முறுக்கலோடு
ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.
தூக்கிப் போட்டேன்.
கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சிவப்புப் பொட்டலம் மிச்சமிருந்தது.

குச்சி முனையை மிட்டாயில் தொட்டுக் குத்தினால் பிடிக்கும்.
முக்கி, தூக்கி, கிண்ண விளிம்பில் தட்டித் தட்டிச்
சொட்டுவதைச் சொட்டவிட்டு
டிவி வந்த தெர்மோகோலில் நட்டுவைத்தோம்,
செக்கச்செவேலென்று ஒரு தோப்பு.

பத்து நிமிஷம் கழித்து: டிக்.
இன்னொன்று: டிக்.
உள்ளே அளவுக்குமீறிக் குளிர், வெளியே சூடு;
குளிர் விட்டு உருண்டை ஊத ஊதக் கூடு தாங்கவில்லை.
விரிசல்மேல் இரண்டாம் பூச்சு பூசி
அது காய்வதற்குள்
வண்ணச் சர்க்கரை மணிகளை
அள்ளிப் போட்டான் கோல்பி.
விரிசல் இருந்ததற்குத்தான் அலங்காரம் அதிகம்.

வியாழன். சாலை திறந்தது.
விதைக் கம்பெனித் தொப்பி, மீசையில் பனி,
கவுண்டருக்கு முன்னால் ஒரு மனிதர்.
மெர்ல் பேர்ல ஒரு கேக், என்றார்.
வெல்வா தாண்டிக் கார் பள்ளத்துல இறங்கிடுச்சு.
இழுவை வண்டி வந்ததும் முகம் தெரியாத யாரோ வீட்டில
ரெண்டு ராத்திரி தங்கிட்டோம்.
ட்வைலா காரில இருக்கா, ஹீட்டர் போட்டிருக்கேன்.

மேலாளர் பணம் திருப்பும் பாரத்தைத் தேடப் போனார்.
ஓய்வறையில், கூட வேலைசெய்பவர்களுக்கென்று
நான் கொண்டுவந்த பெட்டி, பன்னிரண்டு.
எடுத்துவந்து வைத்தேன். இதுதாங்க அது.

பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பேர் எழுதச் சொல்லியிருந்தேனே?
உள்ளே இருக்கு.
எதுல?
எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்.

முட்டையைச் சோதிப்பது மாதிரி
ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.
பிறகு பாரம் வருவதற்குள் போய்விட்டார்.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது:
காருக்குள் விளக்கு, இரண்டு தலை.
ஒரு குச்சி ஆடி ஆடி அவரை ஏதோ கேட்டது.
திட்டோ சிரிப்போ,
கண்ணாடியில் ஆவி.

ராத்திரி கோல்பி எண்ணிப் பார்த்தான்.
பன்னிரண்டு குறையுதே.
வித்துட்டேன்.
எவ்வளவுக்கு?
காசு முன்னாடியே கட்டிட்டாங்கடா.