பதினேழாவது வளைவு

எஸ்.ஐ. கேட்டார்: என்னென்ன போச்சு?
எழுதிக்கொண்டார்.
வளையல் நாலு. கிள்ளானில் வாங்கிய கேமரா.
மூன்று மலேசிய பாஸ்போர்ட்.
நாலாவது, பொன்மலரின் மடியில்
ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

கல் முதலில் வந்தது.
பிறகுதான்
கண்ணாடி என்று ஒன்று இருந்ததே தெரிந்தது.

அரிவாள் என் கழுத்தில் இருந்தபோது
அதைப் பிடித்தவன்
பின்சீட்டுப் பிள்ளையிடம்
"அழாத கண்ணு" என்றான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஏற்காடு ஆஸ்பத்திரியில் ஏழு தையல்.
கீழே சேலம்
விளக்குகளைக் கொட்டி வைத்திருந்தது,
யாரோ எங்கள் கண்ணாடியை
அங்கே கொண்டுபோய் உதறியதுபோல.

இன்று காலை விடுதியில் தலை வாரினேன்.
சீப்பில் ஒரு சில்லு.
மகன் கேட்டான்:
அந்த மாமா நம்ப தமிழ்தானே பேசுனாரு?

ஆமாம் என்றேன்.
தாழ்ப்பாளை இன்னொருமுறை பார்த்தேன்.