பதினொன்று

யாரும் பார்க்காத தேர்வு அது.
மார்க் துறைக்குப் போகாது, வீட்டுக்குப் போகாது,
அகமதிப்பீட்டில் அரைப்புள்ளி கூட்டாது.
உன்னை நீயே அறிய என்று
முதல் திரையிலேயே இங்கிலீஷில் போட்டிருக்கும்.
அப்படியிருந்தும்
நான் பார்த்துத்தான் எழுதினேன்.

ஆலங்குளத்தில் ஏழு இருபது பஸ்.
மடியில் உயிர்வேதியியல் நோட்டு,
நோட்டின் மேல் கீறல் விழுந்த போன்.
கேள்வி வந்ததும் ஒரு கை பக்கம் புரட்டும்,
மறு கை விடையைத் தட்டும்.
சீதபற்பநல்லூர் வருவதற்குள்
இருபதுக்கு இருபது.
திரை முழுக்கக் காகிதப்பூ கொட்டியது.
முருங்கைக்காய்க் கட்டை அணைத்திருந்த
பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து
"பாஸா தாயி?" என்றார்.
ஆமா என்றேன்.
பொய் சொன்ன மாதிரியும் இல்லை.

ஒவ்வொரு விடைக்கும் கீழே
இன்னொன்றும் கேட்கும் அது:
எவ்வளவு உறுதி?
உச்சிமாகாளி எப்போதும் நூறு வைப்பான்.
தப்பாய்ப் போனாலும் நூறுதான்.
"ஆப்புக்குத் தெரியல" என்பான்
கேண்டீன் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு.
ஜெபக்கனி எல்லாம் சரியாய்ப் போட்டுவிட்டு
எல்லாவற்றுக்கும் முப்பது வைப்பாள்.
உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் நம்பவில்லை
என்று ஒருநாள் அது சொன்னபோது
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
"இத இதுவரைக்கும்
ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்லட்டி.
சொன்னது
இதுவா இருக்க வேண்டாம்."

நேற்று ராத்திரி
நோட்டை அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு
உட்கார்ந்தேன்.
முதல் கேள்விக்கே
கை மடியைத் தடவியது.

பன்னிரண்டு வரை தமிழில் படித்த தலை.
இங்கிலீஷ் கேள்வி உள்ளே வந்து
செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து,
தமிழாகி எழுந்திருப்பதற்குள்
நாற்பது விநாடியில் பாதி போய்விடும்.
ஏழாவது கேள்வியில்
நடுவே நின்ற ஒரு 'நாட்'டைப்
பார்க்காமல் தாண்டினேன்.
நம்ம பேச்சில்
இல்லை கடைசியில்தான் வரும்.
எல்லாம் கேட்டு முடித்து
வாசலில் நின்று கைவிரிக்கும்.
அங்கே அது
கூட்ட நடுவில் பிக்பாக்கெட் மாதிரி நிற்கிறது.
போன பிறகுதான் தெரியும்.

இருபதையும் முடித்து 'சமர்ப்பி' அழுத்தியதும்
நெட் போயிற்று.

காலையில் அதே பஸ்.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மாறாந்தைக்கு வெளியே காற்றாலையும் சுற்றியது.
அதிலாவது கரண்ட் வந்திருக்கும்.
சும்மா இருக்க முடியாமல்
வட்டம் நிற்பதற்குள்
நானே எண்ணத் தொடங்கினேன்.
ஐசோசிட்ரேட் கேள்வி தெரிந்துதான் போட்டேன்.
நான்காவது, குருட்டாம்போக்கு.
ஏழாவது, பிக்பாக்கெட்.
பதின்மூன்றில் இரண்டு விடையும் ஒன்றுபோல் இருந்தன,
நீளமானதைத் தொட்டேன்.
இப்படியே போய்
ஒன்பது வரும் என்று முடிவு செய்தேன்.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை,
ஒன்பது.

அபிசேகப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால்
வட்டம் நின்றது.
பதினொன்று.
காகிதப்பூ இல்லை.
போன தடவைக்கு இந்தத் தடவை
நாற்பத்தைந்து சதவீதம் பின்னடைவு என்று
ஒரு சிவப்புக் கோடு
இருபதிலிருந்து கீழே சறுக்கியது.
அந்த இருபதை அழிக்க வழியுண்டா என்று
மேலும் கீழும் தேடினேன்.
இல்லை.
கடைசியில்தான் வந்தது, நம்ம இல்லை.

இருக்கட்டும்.
ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே
ரெண்டு இருக்கிறதே.
தெரியாது என்று நான் நினைத்திருக்க
எனக்குத் தெரிந்திருந்த ரெண்டு.
எது அந்த ரெண்டு?

ஒவ்வொன்றாய் மேலே தள்ளிக்கொண்டிருந்தேன்.
"அபிசேகப்பட்டி, அபிசேகப்பட்டி,
யுனிவர்சிட்டி எறங்கு" என்று
கண்டக்டர் மூன்றாம் தரம்
என் சீட்டின் கம்பியில் தட்டினார்.