முதுகுக்குப் பின்னால்

கட்டிலில் இரண்டையும் கிடத்தியிருக்கிறேன்.
ஒன்று முக்கால் கிலோ.
தோல்வார், மூடி, துடைக்க ஒரு துணி,
மருந்துக்கடையில் நின்றே கழிந்த
நான்கு மாதச் சம்பளம்.
இன்னொன்று
அலாரமாகவும் டார்ச்சாகவும்
வங்கிக்காரன் குரலாகவும்
எப்படியும் கூட வரப்போவது.

விடிந்தால் சுக்திதியிலிருந்து மார்ஷ்ருட்கா.
பதினாறு பேர் ஏறும் வண்டியில் இருபத்திரண்டு பேர்.
மடியில் ஒரே ஒரு பை,
அதற்குமேல் ஓட்டுநர் கோச்சாவிடம்
பேச்சுக்கே இடமில்லை.

"போனை மட்டும் கொண்டு போ" என்கிறான் தம்பி ஜாபா,
"மலைக்கு என்ன, எதில் எடுத்தாலும் மலைதான்."
அவனுக்குச் சென்ற வருடக் கதை தெரியாது.

சென்ற வருடம் அக்டோபர்.
உஷ்குலியின் கல்கோபுரங்களுக்குக் கீழே
சியாலாவின் வீட்டில் இரண்டு இரவு.
குப்தாரிக்கு மாவு பிசைந்த கையோடு
வாசலுக்கு வந்து நின்றாள்.
"என்னை எடு. என் மகளுக்கு அனுப்பு.
இத்தாலியில், பாரி நகரத்தில் இருக்கிறாள்,
யாரோ ஒரு கிழவரைக்
குளிப்பாட்டும் வேலை."

லென்ஸின் கண்ணை முழுக்கத் திறந்தேன்.
இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.
நெற்றியில் ஒட்டிய மாவு
நிலவின் தரைபோல மேடும் பள்ளமும்.
அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததெல்லாம்
பாலில் விழுந்த வெல்லமாகக்
கரைந்து போயிருந்தது.
அதற்குத்தானே காசு கொடுத்திருந்தேன்,
உலகம் அப்படிக் கரைவதற்கு.

படத்தைக் காமிராவிலிருந்து போனுக்கு இறக்கி
சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி அனுப்பி முடிக்க
சூப் ஆறிவிட்டது.

ஹாத்துனாவின் குரல் வந்தது:
"அம்மா சினிமாக்காரி மாதிரி இருக்கிறாள்."
கொஞ்சம் பொறுத்து,
"பின்னால் என்ன அது? சுவரா? விறகா?"

மறுநாள் காலை தூறலில்
ஒரு கையில் டீக் கோப்பை,
மறு கையில் போன்.
குறி பார்க்கக்கூட இல்லை, தட்டினேன்.
வாசல் சாய்ந்திருந்தது.
வானம் வெளுத்து,
ஷ்காரா சிகரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.
ஆனால் சியாலா, கோழி, நீல வாளி,
படி ஒன்று போன ஏணி,
சுவரோரம் அடுக்கிய விறகு,
எல்லாம் ஒரே தெளிவு,
யாருக்கும் முன்னுரிமை இல்லை.

ஒரே நிமிடத்தில் பதில்.
பாராட்டு ஒன்றும் கிடையாது.
"விறகு இவ்வளவுதானா?
அக்டோபர் பாதி போய்விட்டதே,
ஜன்னல் விளிம்பைத் தொட்டிருக்க வேண்டாமா?
தொழுவக் கதவில் தகரம் அடித்தது யார்?
நாய் எங்கே?"

சியாலா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
அவள் கணவர் பிமுர்சா வந்து
இரண்டு விரலால் படத்தை விரித்து
தன் வீட்டு விறகைத் தானே எண்ணினார்,
திரும்பிப் பார்த்தால் தெரியும் விறகை.

நான் கிளம்பும்போது
ஒரு டிராக்டர் மேடேறிக்கொண்டிருந்தது,
சுமை நிறைய பீச் மரத்துண்டுகள்.
காசு பாரியிலிருந்து.
நாயைப் பற்றி மட்டும்
கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கரைந்த படத்தையும் வீணென்று சொல்லமாட்டேன்.
அச்சடித்து அனுப்பினேன்.
அந்தக் கிழவர் தினமும் கேட்கிறாராம்,
சுவரில் இருக்கும் அரசி யார் என்று.

ஆக, ஜாபா,
குற்றம் கருவியில் இல்லை.
லென்ஸின் வளையத்தைத் திருப்பினால்
பதினொன்று என்று ஓர் எண் இருக்கிறது.
கண் சுருங்கும்,
பின்னால் இருப்பவையும் வந்து நிற்கும்.
அதைத் திருப்ப
எனக்குத்தான் அன்று தோன்றவில்லை.

இப்போது திருப்பி
மேலே மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

பை மூடவில்லை.
ஒன்றை எடுத்தாக வேண்டும்.

இரண்டாவது ஸ்வெட்டரை உருவி
நாற்காலியில் போட்டேன்.
இந்த வருடம்
அங்கே விறகு இருக்கும்.